அவித்த மாவும் இத்தாலிக்காரரின் அரண்மனையும்

தம்பி குகன்,

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து நான் நிற்கவில்லை, நான் பார்க்கவில்லை என்று கதையை மாற்றக்கூடாது. நான் இருந்தேன். உன் அப்பா இருந்தார். பக்கத்து வீட்டுத் திலகம் இருந்தாள். அவளுடைய குசினியில்தான் எல்லாம் நடந்தது. கரப்பானுக்கு மருந்து அடிக்க வந்த இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் நின்றார்கள். ஒருவன் நெட்டை. மற்றவன் முகமூடியைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு சுவிங்கம் சப்பினான். அவர்கள் அடித்த மருந்துக்கு ஒரு கிழமை கூடக் கரப்பான் பயப்படவில்லை, அதையும் நான் மறக்கவில்லை. உன் அத்தான் பாலன் மா எடுக்க வந்தார். பத்து நிமிடம் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்து, சீனி காணாது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ இல்லை. நீ டோனட் கடையில் வேலைக்கு நின்றாய். நாலு வருடத்துக்கு முந்திய வைகாசி, வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த திங்கட்கிழமை உனக்கு நேர்முகப் பரீட்சை. இவ்வளவு பேர்தான். இதில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவள் திலகம். மூன்றாவது ஆள் இதை எழுதுகிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன் கலியாணக் கார்ட் எப்படி வரும் என்று கடைக்காரன் அடித்துக் கொடுத்த தாளைப் போன கிழமை உன் அக்கா கொண்டுவந்து காட்டினாள். மேலே பொன் நிறத்தில் பிள்ளையார், சுற்றிவரப் பூ வேலை, எல்லாம் நல்ல வடிவு. பொம்பிளை பக்கத்தில் தகப்பன், தாய், அப்பப்பா, அப்பம்மா என்று மட்டக்களப்புச் சனம் முழுக்க வரிசையில் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வரி. திருமதி நாகேஸ்வரி அவர்களின் ஏக புத்திரன். காலஞ்சென்ற என்று ஒரு சொல் இல்லை, அதற்குப் பின்னால் வர வேண்டிய பெயர் இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பிழையாக அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அவன்தான் அம்மா அப்பிடி அடிக்கச் சொன்னவன். நான் கேட்டுப் பாத்தன். எங்கட வீட்டில அம்மா மட்டும்தான் எண்டு சொல்லிப்போட்டு போனை வச்சிட்டான்."

நான் அடுத்த நாள் காலையிலேயே வெளிக்கிட்டேன். சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து அஜின்கோர்ட்டுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று உனக்குத் தெரியும். மழைத்தூறல் வேறு. கார்ட் கடையில் நிற்கிற பெடியன் நல்ல பிள்ளை. கதிரை எடுத்துப் போட்டான்.

"அன்ரி, மாப்பிள்ளை ஓகே சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை மெசினில ஏத்துறம்."

"மாப்பிள்ளையின்ர தாய் ஓகே சொல்லேல்லை. நிப்பாட்டு மோனை."

அவன் சிரித்துக்கொண்டு பேனாவைக் கையில் எடுத்தான். "சரி, தகப்பன்ர பேர்தானே விடுபட்டிருக்கு? சொல்லுங்கோ, இப்பவே போட்டுவிடுறன்."

தம்பி, நான் வாயைத் திறந்தேன். பின்னால் இரண்டு பெண்கள் சாமத்திய வீட்டுக் கார்ட் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறான். எனக்கு வரவில்லை. பெயர் நாக்குக்கு வரவில்லை. நான் சொல்லும்வரை அடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையையும் அங்கேயே மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும், நான் அவருடைய பெயரைச் சொன்னதில்லை. கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருடத்தில் ஒரு தரம் கூட இல்லை. கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அக்காவைப் பார்ப்பேன், அவள் சொல்லுவாள். நாங்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் இருந்த அதிகாரிப் பெண் என் கணவரின் பெயர் என்ன என்று கேட்டாள். நான் பெருவிரலைப் பின்னால் காட்டினேன். அவள் திரும்பவும் கேட்டாள். நான் திரும்பவும் காட்டினேன். தன் கணவனின் பெயரே தெரியாத பெண் என்று அவள் ஏதோ எழுதத் தொடங்க, பின்னால் நின்ற அவரே முன்னுக்கு வந்து சொல்ல வேண்டியதாய்ப் போயிற்று. வெளியே வந்த பிறகு, "பேரைச் சொல்லியிருந்தால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு நினைச்சனீரோ?" என்று கேட்டுச் சிரித்தார். எங்களுக்கு முந்தியே வந்துவிட்ட நீ பூப்போட்ட ஜாக்கெட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாய். எனக்கு வாங்கி வந்த ஜாக்கெட். அதுவும் அளவில்லை.

கார்ட் கடையில் இருந்து வந்த அன்றே அவருடைய அலுமாரியைத் திறந்தேன். அவருடைய ஐடி கார்டைக் கொண்டுபோய்க் கடைக்காரனுக்குக் காட்டினால் வாயால் சொல்லத் தேவையில்லை என்று என் மூளை வேலை செய்தது. குளிர்க்கோட்டின் உட்பையில் கார்ட் இருந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு சின்னத் துண்டும் இருந்தது. பென்சிலால் ஏதோ நம்பர்கள், மேலே ஆங்கிலத்தில் ஒரு விலாசம். உன் கையெழுத்து. அந்தத் துண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாவைச் சொல்ல வேண்டும்.

நீ அப்போது புதன்கிழமை தோறும் ஓவியம் வைத்திருக்கிற அந்தப் பெரிய படச்சாலைக்குப் போய் வருவாய். சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்க இல்லை, உள்ளே ஓர் அறையில் இத்தாலிக்காரர் கீறிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற பழைய தாள்களைப் பார்க்க. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள் அம்மா, கை கழுவிவிட்டு இருந்தால் போதும் என்று சொன்னாய். அங்கே பென்சில் மட்டும்தான் விடுவார்கள். பென்சிலால் கீறிக்கொண்டு வந்து, வீட்டில் ஹோலில் குந்தியிருந்து, மண்ணிற மையைத் தண்ணீரில் கரைத்து நிழல் போடுவாய். நாலு மாதம். ஒன்பது தாள். மேடை நாடகத்துக்குக் காட்சி அமைக்கிற படிப்புக்கு இடம் கேட்டிருந்தாய். அவர்களுக்குக் காட்ட இந்த ஒன்பதும்தான் உன்னிடம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நிலத்தில் விரித்து எனக்குக் காட்டினாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீ மறந்திருப்பாய். தூண், தூணுக்குப் பின்னால் தூண், வளைவுக்குள் வளைவு, எங்கேயோ மேலே போகிற படி. "இவ்வளவு பெரிய வீட்டில ஆக்களைக் காணேல்லையே, ஆர் இருக்கிறது?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஒருத்தரும் இருக்கேல்லை அம்மா. உது கட்டின வீடில்லை. நாடகத்துக்குக் கீறினது." ராசா வீட்டுக் கலியாணம் என்றால் மரத்தாலும் துணியாலும் இப்படி ஓர் அரண்மனை செய்து, மெழுகுதிரி கொளுத்தி, நாலு நாள் பாட்டும் கூத்தும் நடத்திவிட்டுக் கழற்றி எறிந்துவிடுவார்களாம். இப்போது மிச்சம் இருப்பது இந்தத் தாள் மட்டும்தானாம். அதற்கு முன் நேர் நடுவில் இருந்து பார்க்கிற மாதிரித்தான் கீறுவார்களாம், அது நடுவில் இருக்கிற ராசாவுக்கு மட்டும் சரியாய்த் தெரியுமாம். இந்த இத்தாலிக்காரர் மூலையைப் பார்வைக்கு எடுத்து இரண்டு பக்கமும் தூண்களை ஓட விட்டார்கள், எந்தக் கதிரையில் இருந்தாலும் அழகு என்றாய். இன்னொரு தாளில் மாதா கோயில் பீடம் ஒன்று, இடது பாதி ஒரு விதம், வலது பாதி வேறு விதம். சுவாமிமார் வந்து எது வேண்டும் என்று தெரிந்தெடுக்கட்டும் என்று இரண்டையும் ஒரே தாளில் கீறிக் கொடுப்பார்களாம். கலியாணத் தரகன் இரண்டு பொம்பிளைப் படம் கொண்டுவருகிற மாதிரி என்று நான் சொல்ல, அந்த முறை அப்பாவும் சிரித்தார். பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அவர் சிரித்ததை நீ பார்க்கவில்லை. நீ பார்த்ததெல்லாம் அவருடைய கோபத்தை. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராய் மேசை, கதிரை, மணி என்று இருந்த மனிதர், இங்கே வந்து நிலத்துக்குக் கீழே கார் நிற்பாட்டுகிற இடத்துக்குக் காவல் இருந்தார். மகன் கம்பியூட்டர் படித்தால் தான் அந்தக் குழியில் இருந்ததற்கு ஓர் அர்த்தம் வரும் என்று நினைத்தார். அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை உங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. "உந்தப் பேப்பர்க் கூளம் எல்லாத்தையும் ஒரு நாளைக்கு அள்ளிக்கொண்டு போய்க் குப்பைக் குழாய்க்குள்ள போடுறன் பார்" என்று கத்தினார். சொன்னார்தான். மறுக்கவில்லை. ஆனால் கத்திவிட்டு, தேத்தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, நீ மை கொட்டிய இடத்தை ஈரத் துணியால் துடைத்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை மருந்து அடிக்க வருகிறார்கள் என்று கதவுக்குக் கீழால் கடிதம் போட்டிருந்தார்கள். அலுமாரி, தட்டு, எல்லாவற்றையும் வெறுமையாக்கி, சாமான்களை ஹோலின் நடுவில் குவித்து, துணியால் மூடி வைக்க வேண்டும். காலையில் இருந்து நானும் அப்பாவும் அதுதான் வேலை. பழைய பத்திரிகை எல்லாவற்றையும் கட்டிக் குப்பையில் போட்டாயிற்று. அடுத்த நாள் அக்காவின் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. பிட்டுக்கு மா அவித்துத் தருகிறேன் என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். வீட்டில் மருந்து மணம், அடுப்பு மூட்டேலாது. மாவையும் பானையையும் தூக்கிக்கொண்டு திலகம் வீட்டுக்குப் போனேன். மாவை அவித்து எடுத்தால் சூட்டோடு பேப்பரில் கொட்டிக் கட்டி உடைக்க வேண்டும், ஆற விட்டால் கல்லாகிவிடும். திலகம் வீட்டிலும் பேப்பர் இல்லை. நான் ஓடி வந்து, குவியலுக்கு மேல் இருந்த ஒரு சுருளை இழுத்தேன். நல்ல மொத்தமான, அகலமான தாள், பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிச் சுருட்டியிருந்தது. வெள்ளை வெளேர் என்று இருந்தது. "உது எங்கையக்கா எடுத்தனீங்கள், நல்ல பேப்பர்" என்று திலகம் கேட்டாள். நான் அவளுடைய மேசையில் விரித்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாய் வைத்து, ஆவி பறக்கப் பறக்க மாவைக் கொட்டினேன். செம்பின் அடியால் கட்டிகளை உடைத்தேன். இரண்டாம் முறையும் கொட்டினேன். அரிதட்டில் போட்டு அரிக்கும்போதுதான் பார்த்தேன், மாவில் ஓர் ஓரம் குரக்கன் மா மாதிரி மண்ணிறம் பிடித்திருந்தது. தாளைத் திருப்பினேன். தூண் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, தேத்தண்ணீர் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. படிகள் போன இடம் தெரியவில்லை.

இதுவரை நான் எழுதியது திலகத்துக்கும் தெரியும். இனி எழுதப்போவது அவளுக்கும் தெரியாது. சுருளை இழுக்கும்போது ஓரத்தில் ஒரு தூணின் அடி தெரிந்தது. விரல் அகலம்தான். நான் கண்டேன் தம்பி. கண்டுவிட்டு, ஒன்றிரண்டு போனால் என்ன, இவனிடம் நிறைய இருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் கீழே இன்னொரு நினைப்பு இருந்தது. இந்தக் கீறல் பைத்தியம் இதோடு நின்றால் வீட்டில் சண்டை நிற்கும் என்று. அப்பா வாயால் சொன்னதை நான் கையால் செய்தேன்.

மாவோடு சேர்த்துத் தாள்களைச் சுருட்டினேன். காய வைத்திருக்கலாம், இரண்டு மூன்று தப்பியிருக்கும். அது பிறகு வந்த புத்தி. அப்போது வந்தது பயம் ஒன்றுதான். விறாந்தை முடிவில் இருக்கிற குப்பைக் குழாயின் இரும்புக் கதவை இழுத்து உள்ளே விட்டேன். பத்தொன்பது மாடியும் அது சுவரில் தட்டித் தட்டிப் போகிற சத்தம் கேட்டது. திரும்பினால் லிப்டுக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார். என் கை முழங்கை வரைக்கும் மா.

"என்ன எறிஞ்சனீர்?"

"பழைய பேப்பர்."

அவர் என் கையைப் பார்த்தார், சாறியில் பட்டிருந்த மண்ணிறத்தைப் பார்த்தார். "கை கழுவும்" என்று மட்டும் சொன்னார். பாலன் வந்தார், நிறம் பிடிக்காத மாவைக் கொடுத்து அனுப்பினேன். உன் மருமகளின் முப்பத்தொன்றுக்கு வந்த சனம் பிட்டு நல்ல மெது என்று சொல்லிச் சாப்பிட்டது.

பின்னேரம் நீ வேலையால் வந்து குவியலைக் கிளறினாய். முதலில் மெதுவாக. பிறகு துணிகளைத் தூக்கி எறிந்து எறிந்து தேடினாய். நான் குசினியில் பானையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன், ஏற்கெனவே தேய்த்த பானை. நீ என்னிடம் கேட்கவே இல்லை. நேரே அவர் முன்னால் போய் நின்று, "அப்பா, நீங்களோ எறிஞ்சனீங்கள்?" என்று கேட்டாய். அவர் குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம். "ஓம். நான்தான் எறிஞ்சனான்" என்றார். நீ அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. அந்த மாத முடிவிலேயே வன்கூவருக்குப் போனாய். அங்கே மேடைக்கு மரவேலை செய்து செய்தே அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டாய், படிப்பில்லாமலே. அது உன் கெட்டித்தனம். அதில் எங்கள் ஒருவருக்கும் பங்கில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல முயன்றேன் என்று நினைக்காதே, ஒரே ஒரு முறைதான் முயன்றேன். நீ போய் இரண்டு கிழமை. போனை எடுத்து உன் நம்பரை அழுத்தும்போது அவர் வந்து போனை என் கையில் இருந்து வாங்கி வைத்தார். "இப்ப சொன்னால் என்ன நடக்கும்? உம்மோடையும் கதைக்கமாட்டான். அவனுக்குக் கோவிக்க நான் போதும். இந்த வீட்டில ஒராளோடை எண்டாலும் அவன் கதைக்க வேணும்." நான் சரி என்றேன். அவர் சொல்லிவிட்டார் என்பதால் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுப்பாய், என்ன சாப்பிட்டாய், குளிரா, மழையா என்று நான் கேட்பேன். அவர் சோபாவில் இருந்து டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என் பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். போனை வைத்ததும் சத்தத்தைக் கூட்டுவார்.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. ஒரு புதன்கிழமை நூலகத்துக்குப் போய்த் தமிழ்ப் பத்திரிகை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், ஸ்ரீட்கார் நிறுத்தத்தில் வாங்கில் இருந்தபடி போய்விட்டார். தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் வந்து நின்று கதவைத் திறந்ததாம், அவர் எழும்பவில்லையாம். அந்த நிறுத்தம் நூலகப் பக்கம் இல்லை. ஏன் அங்கே போனார் என்று அக்கா கேட்டாள். எனக்கு அப்போது யோசிக்கிற தெம்பு இல்லை. நீ வந்தாய். செய்ய வேண்டியதைச் செய்தாய், முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நிற்காமல் விமானம் ஏறினாய். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உனக்குச் சொல்லியிருக்கலாம். சனம் நிறைய இருந்தது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டேன். சனம் போன பிறகும் சொல்லவில்லை.

இப்போது சொல்ல ஆளில்லாத வீட்டில் இருக்கிறேன். அக்கா வரச் சொல்லி நச்சரிக்கிறாள்; போனால் பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள், அங்கேயும் நானும் குளிர்ப்பெட்டியின் சத்தமும்தான். இங்கே என்றால் மேல் வீட்டில் எத்தனை மணிக்கு யார் குளிக்கிறார்கள் என்றாவது தெரியும். சில நாள் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை என்று ஞாபகம் வரும். லிப்டில் யாரும் ஏறினால் ஹலோ என்று சொல்லிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று. திலகம் மா அவிக்கும் நாளில் கதவைத் தட்டி, "அக்கா, பேப்பர் ஏதும் இருக்கோ?" என்று கேட்பாள். நாலு வருடமாகக் கேட்கிறாள். அவள் வெகுளி என்று நீ நினைப்பாய்.

அந்தத் துண்டைத் திலகத்தின் மகளிடம் கொடுத்து வாசிப்பித்தேன். படச்சாலையின் விலாசம், புதன்கிழமை, பெட்டியின் நம்பர். நீ விட்டுவிட்டுப் போனது. முந்தநாள் புதன். ஸ்ரீட்காரில் போனேன், யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. துண்டைக் காட்டக் காட்ட ஒவ்வொருவராக வழி காட்டினார்கள். கைப்பையை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். கை கழுவச் சொன்னார்கள். இரண்டு முறை கழுவினேன். நரைத்த தலை வெள்ளைக்காரி ஒருத்தி பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து கையெழுத்துப் போடச் சொன்னாள். பேனா இல்லை, பென்சில். நான் தமிழில் என் பெயரை எழுத, அவள் குனிந்து பார்த்துவிட்டு யோசித்தாள். என் ஐடியை வாங்கி, என் பெயருக்குப் பின்னால் இருக்கிற அவருடைய பெயரைப் பார்த்தாள். பிறகு பழைய பக்கங்களைத் தட்டிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் உன் கையெழுத்து, அதற்குக் கீழே அடுத்த புதன் உன் கையெழுத்து, அதற்கும் கீழே. பிறகு சில பக்கம் உன்னைக் காணவில்லை. பிறகு அவருடையது. எந்தப் படிவத்தில் கண்டாலும் எனக்குத் தெரியும், கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்து விடுவார். நான் எண்ணவில்லை. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. இரண்டு வருடப் புதன்கிழமை.

நான் கேட்காமலே அவள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவர் இருந்த கதிரை இதுதான் என்று தட்டிக் காட்டினாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் விளங்கிக்கொண்டது, அந்த மனிதர் ஒன்றும் கீறமாட்டார், ஒன்றும் கேட்கமாட்டார், ஒரே தாளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார் என்பது. மூலையில் இருந்து பார்க்கிற அந்த அரண்மனைதான். நீ கீறியதுதான். தூண்களின் அடியில் ஊசி குத்திய சின்னச் சின்ன ஓட்டை இருந்தது, கவராயம் வைத்த இடம் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். இதைக் கீறியது தகப்பனா மகனா என்று இவர்களுக்கே தெரியாதாம். ஒரே குடும்பம், எல்லாருக்கும் ஒரே கை. வலது பக்கப் படிகளுக்கு மேல் உள்ளங்கை அளவில் எண்ணெய்க் கறை ஒன்று. நான் அதைக் காட்ட, அவள் சிரித்துக்கொண்டு மெழுகுதிரி ஒழுகுகிற மாதிரிக் கையைச் செய்து காட்டினாள். அங்கேயும் யாரோ ஒருத்தி, ஒருவன், வேலை அவசரத்தில் ஊற்றியிருக்கிறார்கள். முந்நூறு வருடம் ஆகிறது. கறையோடு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். யாரும் அதைக் குழாய்க்குள் போடவில்லை. நான் அழவில்லை, தாளில் படும் என்று பயந்து தலையைத் திருப்பிக்கொண்டேன். அவள் கைதுடைக்கிற தாள் ஒன்று தந்தாள்.

ஐடி கார்டைக் கடைக்காரனுக்குக் காட்டி நானே அடிப்பித்திருக்கலாம். அடிப்பித்தால் நீ அழிப்பாய். அது நீயே போடச் சொல்ல வேண்டிய பெயர். நான் சொல்லும்வரை அவன் அடிக்கமாட்டான். இந்தக் கடிதத்தைப் பாலனிடம் கொடுத்து அவருடைய ஒபிசில் இருந்து ஃபாக்ஸ் பண்ணச் சொல்லப்போகிறேன். அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

கலியாணம் கட்டப் போகிறவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் பெண்சாதி ஒரு பிழை விட்டால் அதை அவளிடமே விடு. பக்கத்தில் நில், அவளோடு சேர்ந்து வெட்கப்படு, ஆனால் அவளுடைய கையில் இருந்து பறித்து உன் தலையில் வைத்துக்கொள்ளாதே. அது பெரிய அன்பு என்று நீ நினைப்பாய். அவளுக்கு அதற்குப் பிறகு கீழே வைக்க ஓர் இடம் இருக்காது.

கோபத்தைப் பிடித்து வைப்பதில் நான் கெட்டிக்காரி என்று நீதான் சொல்லுவாய். கேள், எல்லாவற்றையும் இன்றைக்கு விடுகிறேன். திலகத்தை விட்டுவிட்டேன். பாலனின் சீனியை விட்டுவிட்டேன். அந்தியேட்டிக்கு நிற்காமல் போன உன்னை, அந்தப் புத்தகத்தில் இரண்டு கையெழுத்தையும் ஒன்றாய்ப் பார்த்தபோதே விட்டுவிட்டேன். என்னை நீ விடுவதும் விடாததும் உன் இஷ்டம், ஞாயிற்றுக்கிழமை போன் வராவிட்டால் விளங்கிக்கொள்வேன். ஒரேயொரு ஆளைத்தான் என்னால் விட ஏலாது. என்னைக் கேட்காமல் என் பிழையை எடுத்தார். என் வாயைக் கட்டிவிட்டு, அவிழ்க்காமலே போனார். புதன் தோறும் என்னைக் கூப்பிடாமல் தனியே போய் அந்தக் கதிரையில் இருந்தார், கேட்டிருந்தால் நானும் வந்து பக்கத்தில் இருந்திருப்பேன். நாற்பத்தொரு வருடம் இந்த வாய்க்கு வராததை இன்றைக்குக் கையால் எழுதுகிறேன். கடைக்காரனுக்கு எழுத்துக் கூட்டிச் சொல், பிழை விடாமல் அடிக்கட்டும். நான் மன்னிக்கப் போவதில்லை, வைத்திலிங்கம் சிவசம்புவை.